சினை நிற்காத மாடு

மாட்டின் குதத்துக்குள் முழங்கைக்கு மேல்வரை இடது கையை விட்டு முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். இதை இந்தப் பக்கங்களில் எழுத நேரும் என்று நினைத்ததில்லை. நான் கால்நடை மருத்துவன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். ஆனால் அது அவர்களுக்கு என் விலாசம் மாதிரி. கடிதம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். காலையில் மாடு, மாலையில் கவிதை, நடுவில் ஒரு குளியல். உங்கள் கவிதையில் ஒரு மாடுகூட வருவதில்லையே என்று போன மாதம் நண்பர் ஒருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்கு உறைத்துவிட்டது. வராததற்கு அழகியல் காரணம் ஏதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் வட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. உண்மைக் காரணம் 1993-ல் நடந்த ஒரு காரியம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பவானிக்கு மேற்கே நான் இருந்த பகுதியில் மாடு பருவத்துக்கு வந்தால் 'மாடு கத்துது' என்பார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை, ஒரு நாளுக்கும் குறைவான நேரம். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி. ஊசி என்று பெயரே தவிர அதில் ஊசி கிடையாது. கால் மில்லி விந்து அடைத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி, உறிஞ்சுகுழலின் தம்பி. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் கிடக்கும். அதை எடுத்து உடம்புச் சூடுள்ள தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, துடைத்து, நுனியை வெட்டி, துப்பாக்கி என்று நாங்கள் சொல்லும் இரும்புக் கம்பியில் பொருத்தி, மேலே உறை மாட்டி, இடது கையால் உள்ளிருந்து கருப்பையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் செலுத்த வேண்டும். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. பார்ப்பதெல்லாம் இடது கைதான். நல்ல கை இருட்டில் படிக்கும். என் கை நல்ல கை என்று பெயரெடுத்திருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, என் கவிதைகளைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் காத்திருப்பது. இருபத்தொரு நாளில் மாடு மறுபடி கத்தாவிட்டால் நின்றுவிட்டது என்று அர்த்தம். கத்தினால் நிற்கவில்லை. மூன்று முறை போட்டும் நிற்காத மாடு, பருவம் ஒழுங்காக வந்து, உள்ளே கைவைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்து, கண்ணாடி மாதிரி வழும்பு அடித்து, அப்போதும் நிற்காத மாடு, எங்கள் பதிவேட்டில் 'ரிப்பீட் பிரீடர்'. ஊரில் அதற்கு 'மலடு' என்று பெயர். எங்கள் பெயர் எதையும் விளக்கவில்லை, ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. மலடு என்ற சொல் மாட்டின்மீதுதான் விழும், காளையின்மீது விழாது. காளையை யாரும் பார்த்ததே இல்லையே. அது எங்கோ ஒரு விந்து நிலையத்தில் இருக்கிறது. குச்சியின்மேல் அச்சிட்ட ஓர் எண்ணாக மட்டுமே அது ஊருக்குள் வருகிறது.

நிற்காததற்குக் காரணங்கள் நிறைய. நேரம் தப்பியிருக்கலாம். தாது உப்புக் குறைவு, கர்ப்பப்பையில் பாக்டீரியா, நைட்ரஜன் மட்டம் இறங்கிச் செத்துப்போன விந்து. அநேகமாக இவற்றில் ஒன்றுதான். நூறு மாட்டில் எத்தனைக்கு வைரஸ் காரணம் என்று என்னைக் கேட்டால் சொல்லமாட்டேன். நான் சொல்லப்போவது ஒரு மாட்டைப் பற்றி.

செவலை நிற ஜெர்ஸிக் கலப்பு, இரண்டாம் ஈத்து. அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் அந்த மாடும் ஒரு வயதுக் கிடேரியும்தான். சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் மாட்டுக்கு வாங்கிய கடன் அடைந்துகொண்டிருந்தது. என் கையில்தான் அந்த மாடு சினை பிடித்தது. ஆறாம் மாதம் கன்று வீசிவிட்டது. போய்ப் பார்த்தேன். கன்று உள்ளேயே செத்துச் சில நாள் ஆகியிருந்தது, தசை நொய்ந்து, இன்ன உறுப்பு என்று பிரிக்க முடியாமல். அந்த அம்மாள் அதன்மேல் ஒரு பழைய சாக்கைப் போர்த்தியிருந்தாள். கன்று வீச்சென்றால் முதலில் புருசெல்லா பாக்டீரியாவைத்தான் சந்தேகிப்போம். ரத்தம் எடுத்துச் சீரம் பிரித்து அனுப்பினேன். புருசெல்லா இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு மாடு மூன்று முறை கத்தி, மூன்று முறை ஊசி போட்டு, நிற்கவில்லை. இன்னொரு முறை ரத்தம் எடுத்து வேறொரு பரிசோதனைக்கு, பழைய வகுப்புத் தோழன் ஒருவனின் தயவில், அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது: பாசிடிவ்.

ஐ.பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வோம். ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ், மனிதனுக்கு உதட்டோரம் கொப்புளம் போடுவதன் ஒன்றுவிட்ட சகோதரன், ஆனால் மனிதனை ஒன்றும் செய்யாது. 1950-களில் அமெரிக்காவில் மாடுகளுக்கு மூக்குச் சிவந்து மூச்சுத் திணறும் நோயாக இது தெரியவந்தது. ஜெர்மனியில் அதற்கு நூறு வருஷம் முந்தியே பசுக்களின் யோனியிலும் காளைகளின் குறியிலும் கொப்புளம் கிளப்பும் ஒரு நோயைப் பற்றி எழுதிவைத்திருந்தார்கள். மூக்கு நோயும் குறி நோயும் ஒரே வைரஸின் வேலை என்று 1950-களின் கடைசியில்தான் விளங்கியது. இந்தியாவில் 1976-ல் பதிவாகிவிட்டது. பல மாட்டில் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் மூக்கு ஒழுகும், பால் ஒரு லிட்டர் குறையும், சரியாகிவிடும். வாரங்கள் கழித்துக் கன்று வீசும்போது அந்த மூக்கொழுகலை யார் நினைவு வைத்திருக்கப்போகிறார்கள்?

சரியாகிவிடும் என்று எழுதிவிட்டேன். அது தப்பு. வைரஸ் நரம்பு வழியே ஏறி, முகத்துக்கு வரும் பெரிய நரம்பின் கணுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குறி வழியாக வந்ததென்றால் இடுப்புப் பக்கத்துக் கணுவில். உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்வதில்லை. பெருகுவதில்லை, செல்லைக் கொல்வதில்லை. எதிர்ப்புச் சக்தி தேடினாலும் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. மாட்டின் ஆயுசு முழுக்க அங்கேயே. மாடு கன்று போடும்போது, வண்டியேற்றி நெடுந்தூரம் கொண்டுபோகும்போது, புதிய தொழுவத்தில் மிரண்டு நிற்கும்போது, ஏதோ ஒரு வைத்தியன் ஸ்டீராய்டு ஊசி போடும்போது, எழுந்து நரம்பு வழியே கீழிறங்கி மூக்கிலோ யோனியிலோ கசிகிறது. மாட்டுக்கே தெரியாது. அடுத்த மாடு முகர்ந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு, பி.வி.டி. என்ற வேறொரு வைரஸ். 1946-ல் நியூயார்க் மாநிலத்தில் கண்டது. அது ஒளிவதில்லை, அதற்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. கரு முதல் நான்கு மாதத்துக்குள் இருக்கும்போது அது உள்ளே போய்விட்டால், தன்னுடையது எது அயலானது எது என்று உடம்பு இன்னும் கற்றுக்கொள்ளாத காலம் அது, வைரஸையும் தன்னுடையதாகவே கற்றுக்கொண்டுவிடுகிறது. அந்தக் கன்று பிறந்து, பிழைத்தால், வாழ்நாள் பூராவும் மூச்சிலும் எச்சிலிலும் சாணத்திலும் வைரஸைக் கொட்டிக்கொண்டு திரியும். அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடினால் இருக்காது. நோய் இல்லை என்று சான்று தரலாம். இந்த 'தன்னுடையது' சமாச்சாரமே மாட்டிலிருந்துதான் ஆரம்பித்தது. 1945-ல் அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் இரட்டைக் கன்றுகளைப் பரிசோதித்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்குள் ஆயுசுக்கும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார், உடம்பு அதைத் தள்ளவில்லை. அதைத் தொட்டுத்தான் பர்னெட் தன் கொள்கையைச் சொன்னார், மெடவார் சோதித்துக் காட்டினார், 1960-ல் இருவருக்கும் நோபல் பரிசு. காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி சினை பிடிக்காது என்பது எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் பரிசு தரவில்லை.

இதையெல்லாம் நான் படித்த அதே வருஷங்களில் நம்முடைய பத்திரிகைகளில் அந்நியமாதல் பற்றி ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தோம். நானும் எழுதினேன். மனிதன் தன்னிலிருந்தே அந்நியப்பட்டான், மற்றவன் நரகம், இத்யாதி. இரண்டையும் ஒரே பைக்குள் வைத்துக்கொண்டுதான் மோட்டார் சைக்கிளில் போனேன். ஒன்று மற்றதைத் தொடவேயில்லை. அயலானை அயலான் என்று அறிய முடியாத ஓர் உயிர் என் பக்கத்திலேயே அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது, எனக்கு அது நோய்ப்பட்டியலில் ஒரு பெயர். கட்டுரைக்கு வேண்டியதை நான் பாரிஸிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தேன். இதைப் பெரிய தரிசனமாகச் சொல்லவில்லை. மாடு உருவகம் ஆகியிருந்தால் இன்னும் மோசமாக ஏதாவது எழுதியிருப்பேன்.

பாசிடிவ் என்ற சொல்லோடு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதைத் துல்லியமாகச் சொல்வதென்றால்: இந்த மாட்டுக்கு எப்போதோ இந்த வைரஸோடு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது, அவ்வளவே. கன்று வீசியது அதனால்தான் என்பதற்கோ, மூன்று முறை நிற்காதது அதனால்தான் என்பதற்கோ அது நிரூபணம் ஆகாது. பாசிடிவான மாடுகள் பல சினை பிடித்துக் கன்று போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

"ஏனுங்க டாக்டரு, ரத்தத்துல ஏதோ இருக்குதுங்கறீங்க, ஊசி போட்டாப் போயிருமுங்களா?"

"போகாதுங்க ஆத்தா. உள்ளயே இருக்கும்."

"பாலு குடிக்கலாமுங்களா?"

"தாராளமாக் குடிக்கலாம்."

"இது எப்படிங்க வந்துது? நம்ம மாடு எங்கயும் போனதில்லீங்களே."

"காத்துல வர்றதுதாங்க" என்றேன்.

பொய் இல்லை. மூச்சுக் காற்றிலும் வரும். பக்கத்துக் கொட்டகை மாடு வேலிக்கு மேலாக முகர்ந்தாலும் வரும். ஆனால் நான் அதைச் சொன்னபோது என் மனசில் இருந்தது காற்று அல்ல.

விந்திலும் வரும். நோய்த்தொற்றுள்ள காளை ஆரோக்கியமாகவே இருக்கும், விந்தணுக்கள் நுண்ணோக்கியில் துள்ளி ஓடும், கூடவே வைரஸும் இருக்கும். உறைபனியில் விந்தைக் காப்பாற்றும் உபாயம், கிளிசரால் சேர்ப்பது, 1949-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. அந்த 196 டிகிரிக் குளிர் விந்தணுவைக் காப்பாற்றுகிறது. வைரஸையும் அதே கரிசனத்தோடு காப்பாற்றுகிறது. ஒரு காளை இயற்கையாகச் சேர்ந்தால் வருஷத்துக்குச் சில பத்து மாடு. குச்சியில் ஆயிரக்கணக்கில். (காளைகளைப் பரிசோதிப்பதும் சந்தேகமுள்ள விந்தைப் பி.சி.ஆர். முறையில் பார்ப்பதும் இன்று நடைமுறையில் இருக்கின்றன. நான் சொல்வது அதற்கு முந்திய காலம்.) ஆனால் நான் குச்சியையும் நினைக்கவில்லை.

என் கையை நினைத்தேன். கம்பியின்மேல் மாட்டும் உறையை மாட்டுக்கு மாடு மாற்றுவேன். கைக்கு மாட்டும் நீளக் கையுறை வந்த மாதங்கள் உண்டு, வராத மாதங்கள் உண்டு, வந்ததையே கழுவிக் காயவைத்து ஒட்டிய மாதங்கள் உண்டு. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு ஊர். வழும்பைத் துடைத்து, யோனியின் உதட்டை விரலால் விலக்கிக் கம்பியை நுழைத்து, கையை எடுத்தவுடன் வீட்டுக்காரர்கள் சோப்பும் ஒரு சொம்புத் தண்ணீரும் துண்டும் கொண்டுவருவார்கள். அது எங்கள் பக்கத்து மரியாதை. டாக்டர் வேலை முடிந்து கை கழுவுவார். நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், அந்த வைரஸ் சோப்புக்குத் தாங்காது. நான் கழுவியது நாற்றம் போவதற்கு. அவசரத்தில், அடுத்த ஊரில் மாடு கத்திக்கொண்டிருக்க, தண்ணீரைக் காட்டிவிட்டு வண்டியை உதைத்த நாட்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். முழங்கைக்கு மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருப்பது கைப்பிடியைத் திருப்பும்போது இழுக்கும்.

அன்றிரவு பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மாட்டுக்கு முதல் ஊசி போட்ட நாளுக்கு முன்னும் பின்னும் ஆறு மாதம். அந்தச் சுற்றில் கன்று வீசியவை நான்கு, மூன்று தடவைக்கு மேல் போட்டும் நிற்காதவை ஏழு. மற்ற சுற்றுகளிலும் இப்படிப்பட்ட மாடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தப் பதினொன்றும் எங்கே இருக்கின்றன என்று ஒரு காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், கிடைத்தது நான் செவ்வாய், வெள்ளிகளில் மோட்டார் சைக்கிளில் போகும் பாதை. இது எதையும் நிரூபிக்காது. நான் பார்த்த மாடுகள்தானே என் பதிவேட்டில் இருக்கும். அவை என் பாதையில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்? இந்தப் பதிலை அன்றிரவே கண்டுபிடித்துவிட்டேன். தர்க்கப்படி அதில் ஓட்டையில்லை. இன்றுவரை அது எனக்கு உதவியதுமில்லை.

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். மேலே யாருக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். டென்மார்க்கும் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் 1990-களில் இந்த நோயை ஒழித்தன. ஒழித்த வழி எளிமையானது: ரத்தம் பார்ப்பது, பாசிடிவான மாட்டை மந்தையிலிருந்து விலக்குவது, விலக்குவதென்றால் வெட்டுவது, நஷ்ட ஈடு கொடுப்பது. மந்தை இருக்கிறவனுக்கு அது சரி. ஒரு மாடே மந்தையாக இருக்கும் வீட்டில் அதை எந்த வாயால் சொல்வது? 2022-ல் தோல் கழலை நோய் நாடு முழுக்க மாடுகளைச் சாய்த்தபோது எல்லோரும் நம்பினார்கள், ஏனென்றால் உடம்பெல்லாம் கட்டி கட்டியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவும் சினையைக் கெடுக்கும், விந்தில் வரும். ஆனால் அதற்கு முகம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு வார்த்தை.

நாலைந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போயிருந்தேன், மாமனாருக்கு எருமை பார்க்க. செவலை அங்கே நின்றது. கொம்புக்கு வர்ணம் பூசி, குளிப்பாட்டி, மடி புடைக்கக் காலைப்பால் கறக்காமல். அந்த அம்மாளும் அவள் தம்பியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தரகர் துண்டுக்கடியில் கேரளத்து வியாபாரி ஒருவரின் விரல்களைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் நகர்ந்துவிட நினைத்தேன். தரகர் பார்த்துவிட்டார்.

"இதா, டாக்டரே இருக்காருங்க. இவுரு கையில வளந்த மாடு. கேட்டுக்குங்க."

வியாபாரி என்னைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கறவை" என்றேன்.

இதுவும் பொய் இல்லை. வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த மாடு. துண்டுக்கடியில் விரல்கள் மறுபடி அசைந்தன. லாரியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது, அது ஏறமாட்டேன் என்று முன்னங்காலை ஊன்றிக்கொண்டது. பாலக்காடோ அதற்கப்பாலோ. ஆறேழு மாடுகளோடு நெருக்கியடித்து, இரவு முழுக்க ஆட்டம், இறங்கும் இடத்தில் புதிய மனிதர், புதிய தண்ணீர், பக்கத்தில் முகர்வதற்குப் புதிய மாடுகள். நரம்புக் கணுவில் இருப்பது எழுந்திருக்க என்னென்ன வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அது அனைத்தும் அந்த லாரியில் இருந்தது. நான் எருமை பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் ஆவணி வாக்கில் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. கிடேரி பருவத்துக்கு வந்துவிட்டது, காலையிலிருந்து கத்துகிறது. அன்றைக்கு அது எனக்கு மூன்றாவது மாடு. சாயங்காலம் போய் வண்டியை நிறுத்தினேன். கொட்டகை வாசலில் கல்லின்மேல் புதுசாகப் பிரித்த சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தன, துண்டு மடித்து வைத்திருந்தது. நான் பெட்டியைத் திறந்து குச்சியை எடுக்கப் போனேன்.

"மொதல்ல கையக் கழுவிக்குங்க" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"காத்துல வர்றதுதானுங்க. இருந்தாலும் கழுவிக்குங்க."

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே நின்றாள், விரலிலிருந்து தோள்வரை, நான் போதும் என்று சொல்லிய பிறகும்.